டிடிஎச்சில் எச்டி படம் பார்ப்பது எப்படி: பாக்ஸில் தொடங்கி பேலன்ஸ் வரை

எங்கள் தெருவில் யார் வீட்டுக்காவது புது டிவி வந்தால் அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்துவிடும். "தம்பி, எச்டி பேக் போட்டாச்சு, ஆனா படம் பழைய மாதிரியேதான் தெரியுது, கொஞ்சம் வந்து பாக்கிறியா?" போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பணத்தை முதலில் கட்டியிருப்பார்கள், மற்றதையெல்லாம் அப்புறம் யோசித்திருப்பார்கள். எங்கள் பெரியப்பா வீட்டில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து எச்டி பேக் எடுத்துவிட்டு, பழைய டிவிடி பிளேயரில் இருந்து கழற்றிய மஞ்சள் சிவப்பு வெள்ளைக் கேபிளில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேபிளில் எச்டி வரவே வராது.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். பாக்ஸ், கேபிள், சிக்னல், சேனல், இணையம், தேடல், எல்லாம் முடிந்து கடைசியில் பணம். பின்வருவதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் வரும் கோளாறு எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

1. உங்கள் பாக்ஸ் எந்த ரகம் என்று பாருங்கள்

டிடிஎச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து எல்லா வீட்டுக்கும் ஒரே சிக்னலைத்தான் அனுப்புகிறது. மொட்டை மாடி டிஷ் அதை வாங்கத்தான் செய்யும், திருப்பி எதையும் அனுப்பாது. ஆகவே "எனக்கு இந்தப் படம் இப்போ வேணும்" என்று டிஷ் வழியாக மேலே சொல்ல வழியே கிடையாது. ரிமோட்டில் எதை அழுத்தினாலும் அந்தக் கட்டளை பாக்ஸோடு நின்றுவிடும். இது புரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பிறகு "வேண்டும்போது படம்" என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது எப்படி? மூன்று வழிகளில் நடக்கிறது.

ஒன்று, கட்டணப் பட சேனல். ஒரு சேனலில் ஒரே படத்தை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். நீங்கள் பணம் கட்டினால் அந்தச் சேனலின் பூட்டு உங்கள் பாக்ஸுக்கு மட்டும் திறக்கும். படம் உங்களுக்காகத் தொடங்காது, அதன் காட்சி நேரத்துக்கு நீங்கள்தான் போய் உட்கார வேண்டும். தியேட்டர் மாதிரிதான்.

இரண்டாவது, பதிவு செய்யும் பாக்ஸ். சேனலில் வரும்போது ஹார்ட் டிஸ்கில் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு நம் இஷ்டத்துக்குப் பார்ப்பது.

மூன்றாவதுதான் நிஜமான "கேட்டதும் படம்". அது டிஷ்ஷில் வருவதில்லை, இணையத்தில் வருகிறது. டாடா பிளே பிஞ்ச் பிளஸ், ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பாக்ஸ், டிஷ் ஸ்மார்ட் ஹப் போன்ற ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் சேனல் டிஷ் வழியாகவும், இணையத்தில் படம் தரும் ஓடிடி செயலிகள் வைஃபை வழியாகவும் வரும். இரண்டுமே ஒரே ரிமோட்டில் இருப்பதால் எல்லாமே டிஷ்ஷில் இருந்து வருவதாக ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, படம் ஏன் வரவில்லை என்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்த ஒருவரை நான் மொட்டை மாடியிலேயே பார்த்திருக்கிறேன்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எச்டிஎம்ஐ துளையே இல்லையென்றால் அது பழைய எஸ்டி (எச்டிக்கு முந்தைய சாதாரணத் தெளிவு) பாக்ஸ். எவ்வளவு பணம் கட்டினாலும் அதில் எச்டி வராது, பாக்ஸைத்தான் மாற்ற வேண்டும். எச்டிஎம்ஐ இருந்து, ரிமோட்டில் மைக் பட்டனும் ஓடிடி பட்டன்களும் இருந்தால் ஆண்ட்ராய்டு பாக்ஸ். எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் சாதா எச்டி பாக்ஸ். டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு மாதக் கட்டணமும் இல்லை, ஆர்டர் செய்து பார்க்கும் படமும் இல்லை.

ஒரு விஷயம். உங்களிடம் இருப்பது ஸ்மார்ட் டிவி என்றால், ஓடிடிக்காக ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்க அவசியமே இல்லை. அதே செயலிகள் டிவியிலேயே இருக்கும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

2. டிவி, கேபிள், பட அமைப்பு

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான்.

எச்டி படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள், எஸ்டியில் 720க்கு 576. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். மஞ்சள் முனை ஏவி கேபிள் எஸ்டி அளவுக்கு மேல் தூக்காது. ஆகவே எச்டிஎம்ஐ கேபிள் கட்டாயம் வேண்டும். எச்டி படத்துக்கு விலை உயர்ந்த தங்க முலாம் கேபிள் எல்லாம் தேவையில்லை, பாக்ஸோடு வந்ததே போதும்.

செருகும்போது டிவி, பாக்ஸ் இரண்டையும் ஸ்விட்சில் அணைத்துவிடுங்கள். கேபிளைச் செருகி, முதலில் டிவியைப் போட்டு, அது எந்தத் துளையோ அந்த எச்டிஎம்ஐ எண்ணை டிவி ரிமோட்டின் சோர்ஸ் பட்டனில் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் பாக்ஸைப் போடுங்கள். பாக்ஸ் விழிக்கும்போது எதிரே என்ன டிவி இருக்கிறது, அது எந்த அளவு படத்தைத் தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். டிவி அணைந்திருந்தால் பதில் கிடைக்காமல் சில பாக்ஸ்கள் குறைந்த அளவிலேயே நின்றுவிடும்.

ஏவி, எச்டிஎம்ஐ இரண்டு கேபிளும் செருகியிருக்கும் வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். டிவி ஏவியிலேயே இருக்கும், படமும் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. ஏவி கேபிளைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுங்கள். கண்ணில் படாமல் இருந்தாலே நல்லது.

அடுத்து பாக்ஸின் அமைப்புகளுக்குள் போய் படத்தின் அளவை 1080i அல்லது 1080p என்று வையுங்கள். பழைய டிவியாக இருந்து திரை இருண்டுபோனால் 720க்கு இறக்குங்கள். நம் ஊர் எச்டி சேனல்கள் பொதுவாக 1080i வடிவில்தான் வருகின்றன. பட விகிதம் 16:9. இதை 4:3இல் விட்டுவிட்டால் படம் நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். அதைச் சரிசெய்ய டிவி ரிமோட்டில் ஜூம் போடுவார்கள், ஹீரோவின் தலை வெட்டுப்படும், கீழே ஓடும் எழுத்து காணாமல் போகும். பாக்ஸில் சரிசெய்ய வேண்டியதை டிவியில் சரிசெய்யப் போவதால் வரும் வினை இது.

ஒலியையும் பார்த்துவிடுங்கள். டால்பி என்று வைத்திருந்து, டிவியோ சவுண்ட்பாரோ அந்த வடிவத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் சத்தமே வராது. சில வீடுகளில் பின்னணி இசை மட்டும் அதிர வரும், வசனம் கிணற்றுக்குள் இருந்து கேட்கும். ஸ்டீரியோ அல்லது பிசிஎம் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது சோதனை. டிவி ரிமோட்டின் தகவல் பட்டனை அழுத்தி 1080 என்று வந்தால் நிம்மதியாகப் போய்விடாதீர்கள். பாக்ஸ் எஸ்டி படத்தையும் இழுத்துப் பெரிதாக்கி 1080 ஆகத்தான் அனுப்பும், டிவிக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒரே சேனலின் எஸ்டி எண்ணையும் எச்டி எண்ணையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சன் டிவி, சன் டிவி எச்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். முகத்தைப் பார்க்காதீர்கள், ஏமாற்றும். தலைமுடி, பட்டுப் புடவையின் ஜரிகை, படம் முடியும்போது ஓடும் பெயர்ப் பட்டியலின் சின்ன எழுத்து, இவற்றைப் பாருங்கள். எஸ்டியில் ஜரிகை ஒரே மஞ்சள் தீற்றலாக இருக்கும், எச்டியில் கட்டம் கட்டமாகப் பிரியும். இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தால் மேலே சொன்னதில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

3. சிக்னல்

பாக்ஸ் மெனுவில் சிக்னல் பக்கம் இருக்கும். அதில் வலு, தரம் என்று இரண்டு பட்டை. எல்லாரும் வலுவைப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். பார்க்க வேண்டியது தரத்தை. வலு நிறைய இருந்து தரம் குறைவாக இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், பணம் கட்டிப் பார்க்கும் படத்தில் சரியாகக் கிளைமாக்ஸில் உடையும்.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் டிஷ்கள் வடநாட்டை விட அண்ணாந்து பார்க்கும். டாடா பிளேயின் செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் இருக்கிறது, சென்னையில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் தெற்கே தலைக்கு மேலே. மற்ற நிறுவனங்களுடையவை இன்னும் கிழக்கே தள்ளி இருப்பதால் அந்த டிஷ்கள் தென்கிழக்கு பார்க்கும். ஆகவே எதிரே கட்டடம் இருக்கிறதா என்பதோடு, மேலே தென்னை மட்டை தொங்குகிறதா என்றும் பாருங்கள். டிஷ் வைத்த வருடம் இல்லாத மட்டை மூன்று வருடத்தில் வந்திருக்கும். காற்றடிக்கும்போது மட்டும் படம் உடைகிறது என்றால் அதுதான் காரணம்.

மழைக்கு ஒன்றும் செய்ய முடியாது. டிடிஎச் வரும் அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சிச் சிதறடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலக் காட்சிக்குப் பணம் கட்டாதீர்கள், அவ்வளவுதான். கேபிள் டிஷ்ஷில் சேரும் முனை துருப்பிடித்திருந்தால் மட்டும் ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். டிஷ்ஷை நீங்களே திருப்பப் பார்க்காதீர்கள், ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

4. எச்டி சேனல் உங்கள் கணக்கில் இருக்கிறதா

பாக்ஸ் எச்டி, டிவி எச்டி, ஆனால் எடுத்திருக்கும் சேனல்கள் எஸ்டி. இதுவும் நிறைய நடக்கும். சன் டிவி எடுத்தால் சன் டிவி எச்டி தானாக வராது. இரண்டும் தனித்தனிச் சேனல், தனித்தனி எண், தனித்தனி விலை. பழக்கதோஷத்தில் பழைய எண்ணையே அழுத்திக்கொண்டிருப்பவர்களும் உண்டு, எச்டிக்குப் பணம் கட்டிவிட்டு.

நிறுவனத்தின் செயலியில் உங்கள் பேக்கைத் திறந்து ஒவ்வொரு சேனலாகப் பாருங்கள். ஒரே சேனல் எஸ்டியிலும் எச்டியிலும் இருந்தால் எஸ்டியை எடுத்துவிடுங்கள். தொகுப்பு பேக்குகளோடு தனிச் சேனல்களைச் சேர்த்தவர்களுக்கு இந்த இரட்டைச் செலவு கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதியில், சேனல் விலை போக நிறுவனம் தனியாக வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கான எண்ணிக்கையில் ஒரு எச்டி சேனல் இரண்டு சேனலாகக் கணக்கிடப்பட்டது. எல்லாவற்றையும் எச்டி ஆக்கியவர்களின் பில் எதிர்பார்த்ததை விட எகிறியதற்கு அதுவும் ஒரு காரணம். விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

என் அபிப்பிராயம்: படத்துக்காக எச்டி எடுப்பவர்கள் கேடிவி எச்டி மாதிரி படம் மட்டுமே போடும் சேனல், அப்புறம் புதுப்படம் வரும் இரண்டு மூன்று பெரிய சேனல், இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். செய்தியை எச்டியில் பார்த்து என்ன ஆகப்போகிறது.

5. இணையம்: ஆண்ட்ராய்டு பாக்ஸ் அல்லது ஸ்மார்ட் டிவி இருந்தால் மட்டும்

சாதா எச்டி பாக்ஸ்காரர்கள் அடுத்ததற்குப் போய்விடலாம்.

எச்டி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். அந்த வேகத்தை டிவி இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள், ரவுட்டர் பக்கத்தில் நின்று அளந்தால் பிரயோசனம் இல்லை. பாக்ஸ் டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் டிவியே வைஃபையை மறைக்கும், வெளியே எடுத்து வையுங்கள். பின்பக்கம் லேன் துளை இருந்து, ரவுட்டரும் அதே அறையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வயரைப் போட்டுவிடுங்கள்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பார்க்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை குடிக்கும். உங்கள் பிளானில் தினம் 2 ஜிபி என்றால் நாற்பது நிமிடத்தில் காலி, இடைவேளை கூட வந்திருக்காது. அதற்கு மேல் வரும் வேகத்தில் வாட்ஸ்அப் செய்தி மட்டும்தான் போகும்.

இன்னொரு தொல்லை: வேகம் குறைந்தால் செயலி படத்தை நிறுத்தாது, சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துவிடும். படம் மங்கலாகத் தொடங்கி அரை நிமிடத்தில் தெளிவானால் அது இயல்பு. ஐந்து நிமிடமாகியும் மங்கலாகவே இருந்தால் வேகம் போதவில்லை, அல்லது செயலியின் அமைப்பில் டேட்டா சேமிப்பு என்ற ஒன்று போடப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் படத் திருட்டைத் தடுக்கும் பாதுகாப்புக்கான சான்று இல்லாததால் முக்கியமான ஓடிடிகள் எச்டியே கொடுக்காது. அவற்றை வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

6. படத்தைத் தேடுவது

முதலில் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். டிவி உரிமை ஒருவரிடமும் ஓடிடி உரிமை வேறொருவரிடமும் இருப்பது நம் ஊரில் சகஜம். சன் டிவியில் வந்த படம் சன் நெக்ஸ்ட்டில் இருக்கும், விஜய் டிவி படம் ஜியோ ஹாட்ஸ்டாரில் இருக்கும் என்பது தொடங்குவதற்கு நல்ல ஊகம், ஆனால் உறுதி இல்லை. செல்போனில் படத்தின் பெயரோடு ஓடிடி என்று சேர்த்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு செயலியாகத் திறந்து ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

டிவியில் தேடுவதென்றால் நிகழ்ச்சி அட்டவணை. ரிமோட்டில் கைடு பட்டன். வரும் சில நாட்களுக்கு என்னென்ன படம், எத்தனை மணிக்கு என்று வரும். எச்டி எண்ணின் வரிசையில் தேடுங்கள், எஸ்டி எண்ணில் நினைவூட்டல் வைத்தால் அந்த நேரத்துக்கு எஸ்டியில்தான் போய் நிற்கும். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் எங்கள் வீட்டிலேயே இரண்டு முறை நடந்திருக்கிறது.

மைக் பட்டன் தமிழ்ப் பெயர்களைச் சரியாகப் பிடிக்காது. பெயரின் முதல் நாலைந்து எழுத்தை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு நிறுத்துங்கள், கீழே பட்டியல் வரும். ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பதால் முழுப் பெயரையும் அடித்தால்தான் தவறும். படம் வராவிட்டால் நடிகர் பெயரில் தேடுங்கள்.

இங்கிலீஷ் படச் சேனல் சிலவற்றில் தமிழ் ஒலியும் உண்டு. ரிமோட்டில் மொழி அல்லது ஆடியோ பட்டனை அழுத்திப் பாருங்கள். குழந்தைகளுக்காகத் தமிழ் டப்பிங்கைத் தேடி வேறு சேனல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், கையில் இருந்த சேனலிலேயே அது இருந்திருக்கிறது.

7. ஆர்டர் செய்வது

இப்போதுதான் பணம். இதற்கு முன் பேலன்ஸைப் பாருங்கள்.

டிடிஎச் கணக்கு பெரும்பாலும் ப்ரீபெய்டு. கட்டணப் படத்துக்கான பணம் தனியாக எங்கிருந்தோ போகாது, மாதச் சேனலுக்காக நீங்கள் போட்டு வைத்த அதே பேலன்ஸில் இருந்து கழியும். மாதம் 300 ரூபாய் செலவாகும் வீட்டில் ஒரு படத்துக்கு 60 ரூபாய் போனால், அந்த ரீசார்ஜ் ஆறு நாள் முன்னாடியே தீர்ந்துவிடும். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் சீரியல் நேரத்தில் திரை நீலமாகும், அப்போது படம் பார்த்தவருக்கு அர்ச்சனை நடக்கும். ஆகவே படத்தின் விலையைச் சேர்த்து ரீசார்ஜ் செய்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று விஷயத்தைப் படியுங்கள். விலை ஒரு காட்சிக்கா, ஒரு முழு நாளுக்கா? அடுத்த காட்சி எத்தனை மணிக்கு? அந்தச் சேனல் எச்டியா? சில கட்டணப் படங்களை எஸ்டி, எச்டி இரண்டு எண்களிலும் வெவ்வேறு விலையில் போடுவார்கள், மலிவாக இருக்கிறதே என்று எஸ்டியை ஆர்டர் செய்துவிட்டு பிறகு வருத்தப்பட வேண்டாம்.

பிறகு பாக்ஸை ஆன் செய்து, அந்தச் சேனலில் வைத்துவிட்டு, செயலியிலோ பதிவு செய்த செல்போன் எண்ணில் இருந்தோ ஆர்டர் கொடுங்கள். பாக்ஸ் ஏன் ஆன் ஆகி இருக்க வேண்டும் என்றால், பூட்டைத் திறக்கும் கட்டளையும் அதே செயற்கைக்கோள் வழியாகத்தான் கீழே வருகிறது. ஸ்விட்சை அணைத்து வைத்திருக்கும் பாக்ஸுக்கு அது போய்ச் சேராது. சில நிமிடம் ஆகலாம், அதற்குள் சேனலை மாற்றி மாற்றிப் பார்த்து மறுபடி ஆர்டர் கொடுத்தால் இரண்டு முறை பணம் போக வாய்ப்பு இருக்கிறது. காட்சிக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே செய்துவிட்டால் இந்தப் பதற்றம் இல்லை.

பதிவு செய்த எண் என்பதில் ஒரு சிக்கல். கனெக்ஷன் எடுத்தபோது தாத்தா எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அந்த சிம் இப்போது இருக்காது. ஓடிபி அதற்குப் போகும். படம் பார்க்கும் நாளன்று இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது, முன்கூட்டியே எண்ணை மாற்றி வையுங்கள்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பாக்ஸிலோ செயலியிலோ இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். போன் செய்தவர் ஓடிபி கேட்டாலோ, செல்போன் திரையைக் காட்டும் செயலியை இறக்கச் சொன்னாலோ உடனே துண்டியுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

ஓடிடி பக்கம் வந்தால் வாடகை என்று ஒன்று இருக்கிறது. சந்தா கட்டியிருந்தாலும் சில புதுப்படத்துக்குத் தனிப் பணம் கேட்கும். இதில் வழக்கமாக வாங்கிய 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே வாங்கியதும் "ஓடுதா பாப்போம்" என்று பிளே பட்டனை அழுத்தாதீர்கள், கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு அழுத்துங்கள்.

பேக்கோடு ஓடிடி இலவசம் என்று இருந்தால், அது தானாகத் திறக்காது. செயலியில் போய் ஆக்டிவேட் செய்து, பதிவு செய்த எண்ணோடு இணைக்க வேண்டும். இணைக்காமலேயே மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா, அதே ஓடிடிக்குத் தனியாகவும் சந்தா வைத்திருந்தார்.

8. பதிவு செய்து பார்ப்பது

பணம் குறைவாக ஆகும் வழி இதுதான், ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை. பதிவு வசதி உள்ள பாக்ஸில், அட்டவணையில் படத்தின் மேல் நின்று ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் போதும். சில சாதா எச்டி பாக்ஸில் யுஎஸ்பி டிஸ்கைச் செருகியும் பதியலாம். முதல் முறை செருகும்போது டிஸ்கை அழித்துத் தயார் செய்ய வேண்டும் என்று கேட்கும், ஆகவே கல்யாண போட்டோ இருக்கும் டிஸ்கைச் செருகாதீர்கள். பதிந்ததை லேப்டாப்பில் போட்டால் ஓடாது, அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும்.

படம் அறிவித்த நேரத்தை விட இழுத்துக்கொண்டு போகும், விளம்பரம் அவ்வளவு. பதிவின் முடிவு நேரத்தை அரை மணி கூட்டி வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். கட்டணப் படச் சேனல்களைப் பதிய பெரும்பாலும் விட மாட்டார்கள்.

9. படம் ஓடாவிட்டால்

கீழே இருக்கும் வரிசையில் பாருங்கள், எடுத்தவுடன் போன் போடாதீர்கள்.

வேறு சேனல் வருகிறதா? எதுவுமே வரவில்லை என்றால் சிக்னல், மூன்றாம் படிக்குப் போங்கள். மற்றவை வந்து இது மட்டும் பூட்டியிருந்தால் அனுமதி வந்து சேரவில்லை. செயலியில் ரெஃப்ரெஷ் அல்லது ஹெவி ரெஃப்ரெஷ் என்று இருக்கும், பாக்ஸை ஆனில் வைத்து அதை அழுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஸ்விட்சை அணைத்து, முப்பது விநாடி கழித்துப் போடுங்கள். ரிமோட்டில் அணைப்பது அணைப்பதில் சேராது, அது தூங்கப் போகிறது, அவ்வளவே.

சத்தம் வந்து படம் வராமல், எச்டிசிபி என்று ஏதாவது எழுத்து வந்தால் அது நகல் பாதுகாப்பு. நடுவில் ஸ்ப்ளிட்டரோ பழைய புரொஜெக்டரோ இருக்கும். அதை எடுத்துவிட்டு பாக்ஸை நேராக டிவியில் செருகுங்கள்.

இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் திரையில் வரும் பிழை எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போன் போடுங்கள். "படம் வரலைங்க" என்று சொன்னால் முதலில் இருந்து எல்லாக் கேள்வியும் கேட்பார்கள், எண்ணைச் சொன்னால் நேராக விஷயத்துக்கு வருவார்கள். காட்சி ஓடாமல் பணம் மட்டும் போயிருந்தால் அன்றே சொல்லி, புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை நான் மறுநாள் ஆகட்டும் என்று விட்டதில், காட்சி உங்கள் பாக்ஸுக்குத் திறந்துதான் இருந்தது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்.

10. பார்த்து முடித்ததும்

பேலன்ஸை மறுபடி பாருங்கள். ஆர்டர் செய்யும்போது மாதாந்தரச் சேவை எதையாவது தெரியாமல் சேர்த்திருந்தால் அது அடுத்த மாதமும் கழியும். செயலியில் தானாகப் புதுப்பிக்கும் சேவைகள் பட்டியல் இருக்கும், இலவச மாதம் என்று வந்தவை எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், வேண்டாததை நிறுத்துங்கள்.

கட்டணப் படத்துக்கான பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள். பல பாக்ஸில் அது 0000 அல்லது 1234 என்றுதான் வரும், வீட்டில் இருக்கும் ஆறு வயதுக்கும் அது தெரியும்.